பின்லாந்துக்குக் குடுத்த வாக்கு

பெத்த அப்பாகிட்ட இப்படியா பேசுததுன்னு கேக்கீங்க. சரி. பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கீங்க, கேக்கலாம். ஆனா ஒரு பக்கத்த மட்டும் கேட்டுட்டுத் தீர்ப்புச் சொல்லாதீங்க அக்கா. போன்ல அந்தப் பக்கம் அவரு என்ன பேசுனாருன்னு உங்களுக்குக் கேட்டுச்சா? கேக்கல. அவரு மெதுவாப் பேசுவாரு. காலம் பூரா கிரவுண்டுல பிள்ளைங்கள விரட்டி விரட்டிக் கத்துன பி.டி. வாத்தியாரு, வீட்டுல மட்டும் மெதுவாப் பேசுவாரு. மெதுவாப் பேசியே ஆளக் கொல்லுவாரு. நான் கத்துனதுதான் டிரைவர் வரைக்கும் கேட்டுச்சு. அதனால நான் மோசமான பொண்ணு, அவரு பாவம். அப்படித்தானே?

'நீங்க யாரு எனக்கு முடிவு பண்ண'ன்னு கேட்டேன், ஆமா. கேட்டது தப்புன்னா திருப்பி ஒருக்கக் கேக்கேன். நீங்க யாரு எனக்கு முடிவு பண்ண?

உங்கள இல்லக்கா. அவர.

தண்ணி இருந்தாக் குடுங்க. தொண்டை கட்டிப் போச்சு. சென்னைல இருந்து ரயில்ல வந்து, திருநெல்வேலில எறங்கி, இந்த பஸ்ஸப் பிடிச்சேன். ரயில்ல தூங்கவே இல்ல. தூங்கி எத்தனையோ நாளாச்சு. சண்டை போடுதது எனக்குப் பழக்கந்தான், ஹாஸ்டல்ல எம் பேரே சண்டக்கோழிதான். ஆனா ஒரே ஆளுகிட்ட ஒரே சண்டையத் தினமும் போட்டா, அது சண்டை இல்ல, டியூட்டி மாதிரி ஆயிருது.

இல்ல, காதல் இல்ல. ஏன் எல்லாரும் நேரா அங்கயே போறீங்க. பஸ்ஸுல ஒரு பொண்ணு கண்ணு சிவந்து உக்காந்திருந்தா ஒண்ணு காதலு, இல்லைன்னா பரிட்சையில பெயிலு. நான் பெயில் ஆகல. பாஸாகித்தான் இந்தப் பாடு.

படிக்கப் போற இடம். அதுதான் சண்டை. டாக்டர் பட்டத்துக்குப் படிக்க ரெண்டு ஊர்ல எனக்கு இடம் கெடச்சிருக்கு. ஒண்ணு பின்லாந்து. இன்னொண்ணு கனடால மான்ட்ரியல். ரெண்டு இடத்துலயும் செலவு பூரா அவங்களே பாத்துக்கிடுவாங்க. பின்லாந்துல சம்பளம்னே குடுக்காங்க, படிக்கதுக்கு.

நர்சிங்கா? இல்லக்கா. எங்க வேதக் கோயில்ல பாதிரி ஐயரு, நான் வெளிநாடு போறேன்னு அறிவிச்ச அன்னைக்கு, ஆராதனை முடிஞ்சு செருப்பத் தேடிட்டு நிக்கேன், அதுக்குள்ள பாதி சபை வந்து 'எந்த ஆஸ்பத்திரி'ன்னு கேட்டுருச்சு. நம்ம பக்கத்துப் பொண்ணு பிளேன் ஏறுதுன்னா ஊசி போடத்தான் ஏறணும்.

எலக்ட்ரானிக் மியூசிக். அதுல புதுசா எழுதுதது. கீபோர்டு வாசிக்கதுன்னு நினைக்காதீங்க, டி.ஜே.வும் இல்ல. சத்தத்தப் பதிஞ்சு, அத அறுத்து, இழுத்து, மாத்தி, ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி, ஒரு ரூம்பச் சுத்தி ஸ்பீக்கர வச்சு, நடுவுல ஆள உக்கார வச்சுக் கேக்க வைக்கது. ராகம் தாளம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எங்கம்மா இத, 'மிக்ஸி ரிப்பேரான மாதிரி இருக்கு'ன்னு சொல்லுவா. அவளாவது ஏதோ சொன்னா.

ஒண்ணு கேக்கேன், சொல்லுங்க. கரண்ட் போவுதப்ப என்ன சத்தம் கேக்கும்? ஒண்ணும் கேக்காதுன்னுதானே சொல்லுவீங்க. கேக்கும்க்கா. ஃபேன் உடனே நிக்காது, இழுத்து இழுத்து நிக்கும். ஃபிரிட்ஜு ஒரு குலுக்கு குலுக்கிட்டு அடங்கும். டியூப்லைட்டு சோக்கு 'ம்ம்'னு இரைஞ்சிட்டே இருக்குமே, அது போனப்புறந்தான் இவ்வளவு நேரம் அது இருந்ததே நமக்குத் தெரியும். பெறவு தெருவே ஒரு மூச்சு விடும். மாசத்துக்கு ஒருக்கப் பராமரிப்புன்னு பேப்பர்ல போட்டுட்டுக் கரண்ட்ட நிறுத்துவாங்கல்ல, அந்த நேரம் பாத்து எங்க தெருவுல எட்டு வீட்டுல எட்டு போன வச்சுப் பதிஞ்சேன். எட்டு வீடும் எட்டு ஸ்பீக்கரு. நடுவுல உக்காந்தா எங்க தெருல கரண்ட் போறது உங்களச் சுத்திப் போகும். அதத்தான் ரெண்டு ஊருக்கும் அனுப்புனேன். அதுக்குத்தான் ரெண்டு ஊர்லயும் இடம்.

சிரிக்காதீங்க. சிரிச்சா சிரிங்க, பழகிட்டு.

இப்ப நடந்தது கேளுங்க. பின்லாந்து ப்ரொபசர் பேரு ரைமோ. அறுபது வயசு இருக்கும். வீடியோல பேசணும்னு நாள் குறிச்சாரு. நான் அப்ப ஊர்ல இருந்தேன், லீவு. எங்கப்பாவுக்கு ஆரம்பத்துல இருந்தே சந்தேகம். 'காசு வாங்கிட்டுப் படிக்க வைக்கவன் இருக்கான். காசு குடுத்துப் படிக்க வைக்கவன் யாரு? கிட்னியக் கேப்பானோ'ன்னு அம்மாகிட்டக் கேட்டிருக்காரு. அதனால 'நானும் இருப்பேன்'ன்னாரு. 'சத்தங்காட்டாம ஓரமாக் கட்டில்ல உக்காந்துக்கிடுதேன், கேமராவுல விழ மாட்டேன்'ன்னாரு. நானும் கோட்டி மாதிரி சரின்னுட்டேன்.

அன்னைக்கு வீட்டப் பாக்கணுமே. ஜன்னல் திரை மாத்தியாச்சு. 'ஷால் போட்டுக்கோட்டி'ன்னு அம்மா. பின்னால சுவர்ல இருந்த காலண்டர எடுத்துட்டு பைபிள் வசனப் படத்த மாட்டுனாரு அப்பா. அவரு வேட்டி கட்டி, கோயிலுக்குப் போடுத வெள்ளச் சட்டையப் போட்டு, கட்டில்ல நிமிந்து உக்காந்திருக்காரு. பொண்ணு பாக்க வாராங்கன்னா எங்க வீட்டுல என்னெல்லாம் நடக்குமோ, அத்தனையும் நடந்துச்சு. கேசரி ஒண்ணுதான் கிண்டல.

ரைமோ வந்தாரு. அந்தாளு ரொம்பப் பேச மாட்டாரு. ஒரு கேள்வி கேட்டுட்டு, பதிலக் கேட்டுட்டு, ஒரு நிமிஷம் சும்மா இருப்பாரு. மத்தவங்கன்னா எனக்கு எரிச்சல் வரும். இவரு சும்மா இருக்கதுலயே என்னமோ யோசிக்காருன்னு தெரியும். நான் அனுப்புன அந்தக் கரண்ட் சத்தத்தத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்காருக்கா. எந்த எடத்துல எந்த ஸ்பீக்கர்ல என்ன வருதுன்னு சொல்லுதாரு. அவங்ககிட்ட ஒரு ரூம்பு இருக்காம், சுவரு, கூரை, தரைக்கு அடில கூட ஸ்பீக்கரு. தரை கம்பி வலையாம், அதுமேல நாம நிக்கலாம். வெளில பனி. உள்ள லைட்ட அணைச்சுட்டா ஒரு பொட்டுச் சத்தம் இல்ல, தன் ரத்தம் ஓடுததே தனக்குக் கேக்குமாம். 'உன் தெருவ இங்க கொண்டாந்து எறக்கலாம்'ன்னாரு. தெருவ எறக்கலாம்னு. நான் சென்னைல ரெண்டு ஓட்ட ஸ்பீக்கர வச்சுட்டு, நடுராத்திரி பக்கத்து ரூம்புக்காரி கதவத் தட்டுவாளோன்னு பயந்து பயந்து வேல பாத்தவ.

சவத்த விடுங்க. அது இல்ல விஷயம்.

விஷயம் என்னன்னா, அவரு ஒரு கேள்வி கேட்டாரு. 'மூணாவது ஸ்பீக்கர்ல, ஃபேன் நின்னப்புறம், ஒரு ஆளு மூச்சு விடுதாரே. ஆழமா, ஒரே சீரா. அது யாரு'ன்னாரு. நான் என்ன சொல்ல? எங்கப்பான்னு சொல்லச் சங்கடமா இருந்துச்சு. இன்டர்வியூல போயி அப்பா, அம்மான்னு குடும்பக் கத பேசுனா நல்லாவா இருக்கும். 'பக்கத்து வீட்டுத் தாத்தா'ன்னுட்டேன்.

கட்டில்ல இருந்து எந்திரிச்சு வந்துட்டாரு, மனுசன். நேரா கேமராவுக்கு முன்னால. 'சார், தட் இஸ் மீ. மை பிரீத்திங், சார்'ன்னாரு.

எனக்குப் பூமிக்குள்ள போயிரலாமான்னு இருந்துச்சு. இவருக்கு எப்படித் தெரியும்னு கேக்கீங்களா? எப்படியோ. நான் வீட்டுல வேல பாக்கப்ப காதுல விழுந்திருக்கும். அதுவா முக்கியம்? ஒருத்தி இன்டர்வியூல இருக்கா, நடுவுல வந்து தலைய நீட்டலாமா?

பெறவு ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சுட்டாங்க. என்னைய விட்டுட்டு. ரைமோ சின்ன வயசுல பனில சறுக்கி ஓடுத பந்தயத்துல ஓடுனவராம். எங்கப்பா மாவட்ட அளவுல ஆயிரத்தஞ்ஞூறு மீட்டர் ஓடுனவரு. மூச்ச எப்படிப் பிடிக்கது, எப்படி விடுததுன்னு ரெண்டு பேரும் பேசுதாங்க, நான் நடுவுல ஸ்டூல்ல உக்காந்து மொழிபெயர்க்கேன். எனக்கு ஒதுக்குன நேரம். கடைசில ரைமோ மரியாதைக்கு, 'நீங்க ஏதும் கேக்கணுமா'ன்னு அப்பாகிட்டக் கேட்டாரு. 'அங்க சர்ச் இருக்கா, கிரவுண்டு இருக்கா, சோறு கெடைக்குமா'ன்னு கேட்டாரு. எல்லாம் இருக்குன்னாரு அவரு. இவரு வேட்டிய இழுத்துச் சரி பண்ணிட்டு, நிமிந்து நின்னு சொல்லுதாரு: 'சார், ஐ ஹேவ் டிசைடட். ஷி இஸ் யுவர் டாட்டர் ஹியராஃப்டர்.'

அந்தாளு கண்ணாடியக் கழட்டித் துடைச்சாரு. அவரு பாஷையில என்னமோ சொன்னாரு. பெறவு தேங்க்யூன்னாரு.

பாத்தீங்களா? நீங்களும் 'நல்ல மனுசன்'னு சொல்லுதீங்க. யார, அவரையா, எங்கப்பாவையா? ரெண்டு பேரும் நல்லவங்கதான், நான் ஒருத்திதான் இங்க கெட்டவ. ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா? ரெண்டு இடத்துக்கு எழுதிப் போட்டிருக்கியே, உனக்கு எது பிடிச்சிருக்குட்டின்னு ஒரு வார்த்தை? மான்ட்ரியல்ல இருந்து அப்ப பதில்கூட வரல. மாடா நான், கயித்தக் கைமாத்த.

அடுத்த ஞாயித்துக்கிழமையே ஐயருகிட்டச் சொல்லி அறிவிச்சாச்சு. 'நமது சபையைச் சேர்ந்த ஞானதிரவியம் சாரின் மகள் எப்சிபா மேற்படிப்புக்காகப் பின்லாந்து செல்கிறார்.' ஸ்தோத்திரக் காணிக்கை போட்டாச்சு. அங்க ரைமோ என்ன பண்ணுனாரு? அவரும் நம்மாளு மாதிரி ஆயிட்டாரு. வாக்குக் கெடச்சுட்டுன்னு வரிசைல அடுத்து நின்ன பையன்கிட்ட இடம் இல்லைன்னுட்டாரு. என் கையெழுத்து இன்னும் போகல. ஒரு ஐரோப்பாக்காரன், எழுத்துல இல்லாம ஒண்ணையும் நம்பாதவன், எங்கப்பா வேட்டியப் பாத்து நம்பிட்டான்.

மான்ட்ரியல் சொல்லலயே. அது பெறவு வந்துச்சு. அங்க ப்ரொபசர் ஒரு அம்மா, ஒடீல்னு பேரு. நல்ல டீச்சரு. பெரிய பேரு. ஊரும் பெருசு, எல்லாம் கெடைக்கும். நிறையப் பிள்ளைங்க படிக்காங்க. கேட்டா உடனே பதில் போடுவாங்க. வேற என்ன. நல்ல இடம்க்கா. யாரக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவாங்க. என் கூடப் படிச்ச எல்லாரும் 'கேக்கவே வேணாம், மான்ட்ரியல் போ'ங்காங்க.

எனக்கா? எனக்கு எதுன்னு கேக்கீங்களா? அது இப்ப பேச்சு இல்லக்கா. முறை ஒண்ணு இருக்குல்ல, அதச் சொல்லுதேன்.

இந்தத் துறை இருக்கே, உலகம் பூராச் சேத்தாலும் எங்க தெரு அளவுதான் இருக்கும். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஏதோ ஒரு விழாவுல ரைமோவும் ஒடீலும் ஒரே மேசைல சாப்பிட்டிருக்காங்க. ரைமோ பெருமையாச் சொல்லியிருக்காரு, இந்தியால இருந்து ஒரு பொண்ணு வருது, அவ அப்பாவே வீடியோல வந்து சொல்லிட்டாருன்னு. அந்தம்மா எனக்கு எழுதுனாங்க: 'நீ அங்க போறதாக் கேள்விப்பட்டேன். போனா சந்தோசம். ஆனா அத உன் அப்பா சொல்லி ரைமோவுக்குத் தெரிஞ்சு, ரைமோ சொல்லி எனக்குத் தெரியக்கூடாது. நீ சொல்லு. வெள்ளிக்கிழமை வரைக்கும் உன் இடத்த வச்சிருப்பேன்.'

இன்னைக்குத்தான் வெள்ளிக்கிழமை. அவங்க ஊருல இன்னும் விடியல. அங்க சாயங்காலம் ஆபீஸ் பூட்டுததுக்குள்ள எழுதணும். ஆமான்னோ இல்லைன்னோ.

எனக்கு அத வாசிச்சப்ப மூஞ்சில அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. மான்ட்ரியலுக்கே போயிருவோம்னு அன்னைக்கே முடிவு பண்ணுனேன். அப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். கத்துவாருன்னு பாத்தேன். கத்துனா நல்லாருந்திருக்கும், நானும் நாலு கேட்டிருப்பேன். 'நீ எங்க வேணும்னாலும் போ. நான் அந்த மனுசனக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்'ன்னாரு. அவ்வளவுதான். வச்சுட்டாரு. மறுநாளும் அதே. 'வாக்கு நான் குடுத்தது, நீ குடுத்தது இல்ல. உனக்கு அதுல பாரமில்ல.' இப்படிச் சொன்னா எப்படிக்கா சண்டை போட முடியும்? எனக்குப் பாரமில்லையாம். அப்ப நான் ஏன் தூங்காம இருக்கேன்?

எழுதலாம்ல, மான்ட்ரியலுக்கு? எழுதலாம். எழுதி வச்சிருக்கேன். ரெண்டு வரிதான். அனுப்புத பொத்தான அமுக்கலை. ரயில்ல விழுப்புரத்துல அமுக்கப் போனேன். திருச்சில அமுக்கப் போனேன். சிக்னல் இல்ல. சரி, சிக்னல் இருந்துச்சு. முதல்ல அவரு தப்ப அவரு ஒத்துக்கிடட்டும், பெறவு அமுக்கலாம்னு விட்டேன்.

அதத்தான் இப்ப போன்ல கேட்டேன். 'தப்புன்னு சொல்லுங்க, நான் நிம்மதியா அனுப்பிருதேன்'னேன். மாட்டேங்காரு. 'அவசரப்பட்டது தப்பு, உன்கிட்டக் கேக்காதது தப்பு. இடம் தப்பு இல்லட்டி'ங்காரு. இடம் தப்பு இல்லையாம். இவரு பெரிய இவரு. பின்லாந்து உலகப் படத்துல எந்தப் பக்கம் இருக்குன்னு பள்ளிக்கூடப் பிள்ளைங்க பாடப் புஸ்தகத்துல பாத்துக்கிட்ட ஆளு. அப்பத்தான் கத்துனேன். நீங்க கேட்டது அதத்தான்.

இல்லக்கா, திருப்பித் திருப்பி அதையே கேக்காதீங்க. எனக்கு எது வேணுங்கது வேற விஷயம். எனக்குப் பின்லாந்தே வேணும்னு வச்சுக்கிடுங்க, ஒரு பேச்சுக்கு. பேச்சுக்குத்தான். அப்பவும் அவரு சொன்னது சரியாயிருமா? அந்த ரூம்பு நல்லாருக்கு, அந்தாளு என் சத்தத்த என்னைய விட நல்லாக் கேக்காரு, அதெல்லாம் இருக்கட்டும். நான் போயிக் கதவத் தட்டி, 'நான் வந்திருக்கேன்'ன்னு சொல்லிருக்கணும்ல? இப்ப நான் அங்க போனா, யாரு போனது? நானா, எங்கப்பா அனுப்பிச்ச பார்சலா? மான்ட்ரியலுக்குப் போனா, அது நான் போனது. நான் முடிவு பண்ணுனது. பிடிக்குதோ பிடிக்கலையோ.

ஏன் அப்படிப் பாக்கீங்க.

பிடிக்கலைன்னு நான் சொன்னேனா? பேச்சு வாக்குல வந்துச்சு. தூக்கமில்ல எனக்கு, ஒரு வார்த்தைய வச்சுப் பிடிக்காதீங்க. உங்க மகளா இருந்தா என்ன பண்ணுவீங்க, சொல்லுங்க. அவளக் கேட்டுட்டுத்தான் வாக்குக் குடுப்பீங்க. பாருங்க. நீங்களே சொல்லுதீங்க. என்ன? கேட்டா அவ வாயத் தொறக்க மாட்டா, சண்டைதான் போடுவாளா? அது உங்க மக. நான் கேட்டா ஒழுங்காச் சொல்லிருப்பேன்.

சொல்லிருப்பேன்க்கா.

குரும்பூர் தாண்டிட்டா? அடுத்தது எங்க ஊருக்குப் பிரியுத விலக்குதான். பைய எடுக்கணும், கொஞ்சம் காலத் தள்ளிக்கிடுங்க. கண்டக்டர் அண்ணே, விலக்குல எறக்கம் இருக்கு. ஆமா, வாத்தியாரு மகதான். உங்களையும் கிரவுண்டச் சுத்தி ஓட விட்டாரா? இந்த ஊருல அவருகிட்ட ஓடாத கால் யாருக்கும் இல்ல.

அந்தா நிக்காரு. டீக்கடைல உக்காரலாம்ல, வெயில்ல நிக்காரு. உக்கார மாட்டாரு. வண்டி எந்நேரம் வரும்னு அவருக்கென்ன தெரியும், எப்ப இருந்து நிக்காரோ. டீக்கடைக்காரன், ஆட்டோக்காரங்க எல்லாம் அவரு கூட நின்னு பேசிட்டிருக்காங்க. எல்லாம் அவருகிட்டப் படிச்ச பயலுவ.

வாரேன்க்கா. தண்ணிக்குத் தேங்க்ஸ்.

அண்ணே, ஒரு நிமிஷம் வண்டிய எடுக்காதீங்க. இந்தப் படில நின்னே பேசிட்டு எறங்குதேன். அப்பா, பைய வாங்க வேண்டாம். பக்கத்துல வர வேண்டாம், அங்கனயே நில்லுங்க. வீட்டுக்குப் போய்ப் பேசலாம்னு சொல்லாதீங்க. வீட்டுல போனா நீங்க மெதுவாப் பேசுவீங்க. கோயில்ல எல்லாரு முன்னாலயும் அறிவிச்சீங்கல்ல, இதுக்கும் எல்லாரு முன்னாலயும் பதில் சொல்லுங்க. பஸ்ஸு பூராக் கேக்கட்டும், உங்க பழைய பிள்ளைங்களும் கேக்கட்டும்.

நான் உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அம்மாகிட்டச் சொல்லல. யாருகிட்டயும் சொல்லல. எனக்கே சரியாத் தெரியாது அப்ப. ரெண்டு ஊருல எனக்கு அந்த ஊருதான் வேணும்னு உங்களுக்கு எப்படிப்பா தெரிஞ்சுது? சொல்லுங்க.

சத்தமாச் சொல்லுங்க.